பின்சீட்டு ராத்தா

"…அது இல்ல தம்பி, வாங்குறது யாரு எண்டு நான் கேக்கல்ல. காலையில ஏறுறது யாரு? அதச் செல்லுங்க."

அந்த ராத்தா என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். கண்டிக்குப் பக்கத்துக் கெலிஓயாவில் அவருடைய வீட்டு முன்னறையில், தைத்து அடுக்கிய கார் சீட் கவர்களுக்கு நடுவே ஒரு கதிரையில் உட்கார்ந்து, எந்தக் கார், எந்த வருஷத்து மொடல், என்ன நிறம், விற்கப் போனால் மார்க்கெட் எப்படி என்று அரை மணி நேரமாக ஒப்புவித்துக்கொண்டிருந்தேன். அவர் தையல் மெஷினை நிறுத்தவே இல்லை. நான் மூச்சு வாங்கியபோதுதான் மிதியிலிருந்து காலை எடுத்தார்.

"நாந்தான் வாங்குறேன் ராத்தா. ஓட்டப்போறது எங்க வீட்டம்மா."

"அப்ப அவங்க எங்க?"

"வீட்டுல இருக்காங்க."

"காலை ஊட்டுல வெச்சிட்டு செருப்பு வாங்க வந்தீக்கிறீங்க," என்றார். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

எங்கள் பக்கத்து முஸ்லிம் மக்கள் அக்காவை ராத்தா என்பார்கள். இவரைத் தம்பிமாரும் ராத்தா என்றார்கள், அவரைவிட மூத்த கிழவர்களும் ராத்தா என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

வாகனம் ஓட்டத் தெரியாதவர். லைசன் எடுக்கப் போனதும் இல்லை. ஆனால் கெலிஓயா, கம்பளை, பேராதனைப் பக்கத்தில் பழைய கார் வாங்க நினைக்கிறவர்கள் மெக்கானிக்கிடம் போவதற்கு முன்னால் இவரிடம் வந்தார்கள். காரணம் அவருடைய தொழில்தான். முப்பது வருஷமாக சீட் கவர் தைத்தவர். அளவெடுக்கச் சீட்டுகளைக் கழற்றி எடுப்பார்கள். அப்போது வெறுந்தரை தெரியும். வெள்ளத்தில் நின்ற வாகனமா, பிள்ளைகள் வாந்தியெடுத்த வாகனமா, மீன் ஏற்றிய வாகனமா, எல்லாம் அங்கேதான் எழுதியிருக்கும்.

"மேலால எல்லாரும் பொலிஷ் பண்ணுவாங்க தம்பி. சீட்டுக்குக் கீழ யாரு பொலிஷ் பண்ணுற?"

நாங்கள் கார் தேடிய காலத்தில் வெளிநாட்டிலிருந்து வாகனம் வருவது நின்றுபோயிருந்தது. இருந்த பழையதுகளுக்கே ஆட்கள் பறந்தார்கள். காலையில் பார்த்த கார் மத்தியானம் போய்விடும். அப்படிப்பட்ட நேரத்தில் எங்களுக்கு இரண்டு கிழமை, பதினாலு நாள்தான் இருந்தது.

என் மனைவி சாந்தி ஆசிரியை. கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு அவளை அதிபராக, தலைமையாசிரியையாகப் போட்டுக் கடிதம் வந்திருந்தது; பதினாலு நாளுக்குள் பதில் கொடுக்க வேண்டும். அவள் பத்து வருஷம் காத்திருந்த கடிதம். அவள் படித்ததும் அப்படி ஒரு தோட்டப் பாடசாலையில்தான். ஏழரை மணிக்கு முன்னால் அங்கே நிற்க வேண்டும். எங்கள் வீடு ஹீரஸ்ஸகலயில் மேட்டு உச்சியில். இரண்டு பஸ் மாறி அந்த நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்பதை மூன்று நாள் போய்ப் பார்த்தே தெரிந்துகொண்டோம். கார் இல்லாவிட்டால் கடிதத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கார் இருந்தாலும் அவளே ஓட்ட வேண்டும், ஏனென்றால் நான் கண்டி டவுனில் பார்மசியைத் திறக்க வேண்டியவன்.

சிக்கல் அங்கேதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அண்ணனின் பழைய வேனை எங்கள் மேட்டில் ஏற்றும்போது, பாதி வழியில் எஞ்சின் நின்று, வேன் பின்னால் உருண்டு மதிலில் போய் முட்டியது. பின்சீட்டில் எங்கள் மகள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் மகள் கத்திய சத்தம் சாந்தியின் காதை விட்டுப் போகவில்லை. அன்றைக்கு ஸ்டியரிங்கை விட்டவள்தான்.

இதையெல்லாம் நான் ராத்தாவிடம் சொல்லவில்லை. அவமானமாக இருந்தது. நல்ல காராக வாங்கிவிட்டால் பயம் தானாகப் போய்விடும் என்று நினைத்துக்கொண்டேன்.

ராத்தாவைப் பற்றி அக்குறணையில் ஒரு கதை சொல்வார்கள். அங்கே புடவைக் கடை வைத்திருந்த ஒரு முதலாளி பெரிய ஜீப் ஒன்றைப் பார்த்து வைத்துவிட்டு, சும்மா பேருக்கு ராத்தாவைக் கூட்டிப் போனாராம். ராத்தா ஜீப்பைச் சுற்றிப் பார்க்கவே இல்லை.

"காலையில யாரு ஏறுற?"

"உம்மா. கிழமைக்கு மூணு நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும்."

"உம்மாவக் கூட்டி வாங்க."

தாயைக் கூட்டி வந்தார்கள். முட்டிக்கால் தேய்ந்த மனுஷி. ஜீப் படியில் ஒரு காலை வைத்தார், மற்றக் கால் தரையை விடவில்லை. மகன் பின்னாலிருந்து தூக்கப் போக, "விடுடா, நான் என்ன அரிசி மூடையா?" என்று உம்மா கத்த, கடைத்தெருவே கூடிவிட்டது. கடைசியில் முதலாளி வாங்கியது, கதவு இழுபட்டுத் திறக்கிற, சீட் இடுப்பு உயரத்தில் இருக்கிற ஒரு பெட்டிக் கார். "பாண் பெட்டி" என்று, ரொட்டி கொண்டுவருகிற பெட்டி மாதிரி இருப்பதாக ஊரே சிரித்தது. உம்மா மட்டும் அரசி மாதிரி தானே ஏறித் தானே இறங்கினார்.

எல்லாம் சரியாகவே சொல்லுவார் என்றும் நினைக்காதீர்கள். கெலிஓயா சந்தியில் ஒருவருக்கு, "இந்தக் கார் ஒரு வருஷம் தாங்காது, எடுக்காதீங்க" என்று சொன்னார். அவர் எடுத்தார். அது ஒன்பது வருஷம் ஒரு ஆணிகூடக் கழலாமல் ஓடியது. அந்த மனுஷன் தினமும் ராத்தாவின் வீட்டைத் தாண்டும்போது இரண்டு தரம் ஹோர்ன் அடிப்பார். ராத்தா ஜன்னலில் கையை ஆட்டுவார். "இன்னும் ஓடுது பாருங்க, எனக்குப் பயந்துதான் ஓடுது," என்பார்.

புதுசாக வந்த சீட்டின் பொலித்தீனைக் கழற்றாமல் வைத்திருப்பவர்களைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. "பொலித்தீனோட ஓட்டுறவன் தனக்கு ஓட்டல்ல. அடுத்து வாங்குறவனுக்கு ஓட்டுறான்." நான் மார்க்கெட், மார்க்கெட் என்று சொல்லும்போதெல்லாம் இதைச் சொல்லிக் காட்டினார். சிலர் அவர் சீட் கவர் விற்பதற்காகத்தான் ஆலோசனை சொல்கிறார் என்றார்கள். அப்படியென்றால் வந்தவர்களில் பாதிப் பேரை, "இப்ப வாங்காதீங்க, பஸ்சுல போங்க" என்று அவர் ஏன் திருப்பி அனுப்பினார் என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் தரம் சாந்தியோடு போனேன். ராத்தா தேத்தண்ணி கொடுத்தார். என்னைப் பார்க்காமல் சாந்தியைப் பார்த்துக் கேட்டார்.

"எந்த இடம் ஒங்களுக்குப் பயம்?"

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எப்படித் தெரிந்ததோ. சாந்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் கோப்பைக்குள் பார்த்தேன். பிறகு அவள் மேட்டைச் சொன்னாள், வேனைச் சொன்னாள், மகள் கத்தியதையும் சொன்னாள். "பயப்படாதீங்க" என்று ராத்தா ஒரு தரமும் சொல்லவில்லை.

"மேட்டுல மழைக்கு என்ன ஈக்கி? மண்ணா, பாசியா?"

"கொங்கிரீட்தான் ராத்தா. மேல பைன் மரங்க. அந்த ஊசி இலை விழுந்து ஊறிக் கெடக்கும். நடந்தாலே வழுக்கும்."

"நல்லம். இப்ப வெளங்குது. பொலிஷ் பண்ணுற காருக்கெல்லாம் இனி போகத் தேவல்ல."

ஆனால் நான் போனேன். பிலிமத்தலாவையில் ஒரு வாகன யார்டில் வெள்ளை நிறத்தில், தாழ்வாக, பளபளவென்று ஒரு கார். ராத்தாவையும் சாந்தியையும் கட்டாயப்படுத்திக் கூட்டிப் போனேன். விற்கிறவர் சிங்களவர், நல்ல தமிழில் பேசினார்.

"பாருங்க நோனா, ஜப்பான்ல குளிர்ப் பக்கத்துல ஓடினது. சீட் சூடாகும். ஸ்னோ பட்டன்கூட இருக்கு."

"பிலிமத்தலாவையில பனி விழுந்தா எனக்கு ஒரு கோல் எடுங்க," என்றார் ராத்தா. விற்கிறவரே சிரித்துவிட்டார்.

ராத்தா வழக்கம்போலப் பின்கதவைத் திறந்து பின்சீட்டில் உட்கார்ந்தார். எந்த வாகனமானாலும் அவர் பின்சீட்டில்தான் உட்காருவார். "முன்சீட்டுல ஈக்கிறவனுக்கு ரோட்டுதான் தெரியும். பின்சீட்டுலதான் வாகனம் தெரியும்." உட்கார்ந்தபடியே குனிந்து முன்சீட்டுக்குக் கீழே கையை விட்டார். தரையில் ஒட்டிய காப்பட்டின் ஓரத்தைத் தூக்கி, டோர்ச் அடித்துப் பார்த்தார். கையை வெளியே எடுத்து எனக்குக் காட்டினார். விரல் நுனியெல்லாம் செம்மஞ்சளாகத் துரு.

"இது பனியில நிண்ட வாகனம்தான், அவர் பொய் செல்லல்ல. அங்க ரோட்டுல ஐசு கரையிறதுக்கு உப்புப் போடுறாங்க. கருவாட்டுக்குப் போடுற மாதிரி. கருவாடு உப்புல நிக்கும், இரும்பு உப்புல போயிரும். காலுல போட்ட சப்பாத்துல ஒட்டி வந்த உப்பே உள்ளுக்கு இவ்வளவு செஞ்சீக்கி. அடியில என்ன செஞ்சீக்கி எண்டு தூக்கிப் பாருங்க."

தூக்கிப் பார்த்தார்கள். விற்கிறவருக்கே முகம் செத்துவிட்டது. அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. கறுப்புப் பெயின்ட் அடித்து மறைத்தது அவருக்கு முன்னால் வைத்திருந்தவர் போல. திரும்பி வரும்போது பஸ்சில் சாந்தி என் பக்கத்தில் உட்காரவில்லை, ராத்தாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பனியைப் பற்றி ராத்தாவுக்கு இவ்வளவு எப்படித் தெரியும் என்று அடுத்த நாள் தெரிந்தது. நான் போயிருந்த நேரம் அவருடைய அக்கா மகன் கனடாவிலிருந்து கோல் எடுத்தான்; சின்னம்மாவை அவன் சாச்சி என்பான். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தைத்துக்கொண்டே பேசினார்.

"சாச்சி, நாலு சில்லும் இழுக்கிற ஜீப் ஒண்டு பாத்தீக்கிறேன். இங்க முழங்கால் அளவுக்குப் பனி. நல்லமா?"

"பனி எனக்குத் தெரியா மகன். நீ ஊட்டால எறங்கி வேலைக்குப் போற ரோட்டச் செல்லு."

அவன் சொன்னான். சமதரைதான். ஆனால் பெரிய ரோட்டில் சிக்னல் ஒன்றில் இரண்டு தரம் பிரேக் அடித்தும் நிற்காமல் வழுக்கிப் போய்விட்டதாம்.

"அப்ப ஒனக்குப் போறதா கரச்சல், நிக்கிறதா கரச்சல்?"

"நிக்கிறது, சாச்சி."

"நாலு சில்லும் இழுத்தா போகத்தான் ஏலும். நிக்கிறது டயர்லதான் ஈக்கி. அங்க பனிக்கெண்டே டயர் விக்கிறாங்க எண்டு நீதானே போன வருஷம் சென்ன? முதல்ல அத வாங்கு. ஈக்கிற காருக்கே போடு. ஜீப்பு பொறகு பாப்போம்."

பனியைக் கண்ணால் காணாத மனுஷி, கெலிஓயாவில் சீட் கவருக்கு நாடா வைத்துக்கொண்டு, கனடாவில் ஒருவனுக்கு டயர் தேர்ந்து கொடுத்தார். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. போகிற கரைச்சலா, நிற்கிற கரைச்சலா என்று இவர் கேட்ட கேள்வியை இந்த ஆறு வருஷத்தில் நான் சாந்தியிடம் ஒரு தரமாவது கேட்டிருக்கலாம்.

ராத்தா மௌத்தாகி, அவரை அடக்கம் செய்து, இரண்டு வருஷமாகிறது. அந்த முன்னறையில் இப்போது போன் கவர் விற்கிறார்கள். ஹோர்ன் அடிக்கிற மனுஷன் இன்னும் இரண்டு தரம் அடித்துவிட்டுத்தான் போகிறாராம். கேட்டவர்கள் சொன்னார்கள்.

அந்த நாட்களில் எங்களுக்கான காரை அவரே கண்டுபிடித்தார். பேராதனையில் பிரசவம் பார்த்துப் பென்சன் எடுத்த ஒரு மருத்துவமாதுவின் கார். கவர் தைக்கக் கொடுக்க வந்தவர், விற்கப் போவதாகச் சொன்னதும் ராத்தா பிடித்துக்கொண்டார். சின்னது, உயரமானது, பெட்டி மாதிரி. நிறம் பழுத்த பப்பாளி. எனக்குப் பார்த்ததும் பிடிக்கவில்லை.

"இத எடுத்துக்கிட்டு ஒரு கலியாணத்துக்குப் போக முடியுமா ராத்தா?"

"கலியாணத்துக்கு வருஷத்துல நாலு நாள் போவீங்க. அதுக்கு ஹயர் புடிங்க. இஸ்கூலுக்கு இருநூறு நாள் போகணும்."

சீட்டுக்குக் கீழே கை விட்டார், கை சுத்தமாக வந்தது. டயரில் நகத்தை அழுத்திப் பார்த்தார், ரப்பர் இன்னும் இளக்கமாக இருந்தது. ஓட்டோ கியர். மேட்டில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும் ஓரிரண்டு நொடி தானே பிடித்து நிற்கும். இதிலும் அந்த ஸ்னோ பட்டன் இருந்தது. ராத்தா மருத்துவமாதுவிடம் அதைப் பற்றி விசாரித்தார்.

"நான் மழைக்குத்தான் அமத்துறது," என்றார் அந்த அம்மா. "அமத்தினா எவ்வளவு மிதிச்சாலும் பாயாது. மெல்லமாத்தான் இழுக்கும். சில்லு சும்மா சுத்தாது. பிரசவத்துக்குக் கூப்பிட்டா வழுக்குற ரோட்டெண்டு பாக்க ஏலுமா?"

ராத்தா சாந்தியைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீங்களா? பதறுற காலுக்குச் செஞ்ச பட்டன்."

"அப்ப எனக்குத்தான் செஞ்சிருக்காங்க," என்றாள் சாந்தி. ஆறு வருஷத்தில் கார் பேச்சில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

வாங்குவதற்கு முன்னால் அந்த அம்மா நம்பிக் கொடுத்த காரில் ஒரு கிழமை பேராதனைச் சமதரையில் பழகினாள். நன்றாகவே ஓட்டினாள். கடிதத்துக்குப் பதில் கொடுக்க இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலை, ராத்தா சொன்னார், "வாங்க, ஒங்கட மேட்டுக்குப் போவோம். அதுல ஏறாம இத நல்லமெண்டு நான் செல்ல மாட்டேன்." மழை தூறிக்கொண்டிருந்தது. "இன்னைக்கு வேணாம் ராத்தா" என்று நான் இழுத்தேன். "அதிபர் மழைக்கு லீவு போடுவாங்களா?" என்றுவிட்டுப் பின்சீட்டில் ஏறி, தன் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

சாந்தி ஓட்ட, நான் பக்கத்தில். பாதி மேடு நன்றாகவே ஏறியது. வளைவில் மேலிருந்து ஒரு த்ரீவீலர் இறங்கியது. வழிவிட நிறுத்த வேண்டியதாயிற்று. மேட்டிலேயே ஆகச் செங்குத்தான இடம். த்ரீவீலர் போய்விட்டது. சாந்தி பிரேக்கை விட்டு மிதித்தாள். மிதித்த மிதியில் முன்சில்லுகள் நனைந்த பைன் இலையில் சர்ரென்று சுற்றின. கார் ஒரு சாண் பின்னால் வந்தது.

"பிரேக்கு! பிரேக்க மிதி! ஹேண்ட் பிரேக்கப் போடு! நான் சொன்னேன்ல!" என்று நான் கத்தினேன். கையை நீட்டி நானே ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். கார் நின்றது.

"தம்பி," என்றார் ராத்தா பின்னாலிருந்து. "எறங்குங்க."

"மழை பெய்யுது ராத்தா. நானே மேல கொண்டுபோய் விட்டுர்றேன். பிறகு பாப்போம்."

"மழைதானே. எறங்குங்க. ஒங்கட பாரமும் கொறையும், சத்தமும் கொறையும்."

இறங்கினேன். வேறென்ன செய்வது. ரோட்டோரத்தில் வழுக்காமல் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவசரத்தில் என் பக்கத்துக் கதவுக் கண்ணாடியை ஏற்றவில்லை, உள்ளே பேசுவது எனக்குக் கேட்டது.

"நீங்களும் எறங்கிருங்க ராத்தா," என்றாள் சாந்தி. "பின்னால ஆள் இருந்தா எனக்கு ஏலாது. ஏதாவது ஆயிட்டா என்னால தாங்க முடியாது. வேணாம், நான் கடிதத்தத் திருப்பிக் குடுத்துர்றேன்."

ராத்தா கதவுப் பக்கம் கையைக் கொண்டுபோனார். இறங்கப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் தன் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் இறக்கி, வெளியே கையை நீட்டி வெளிச்சம் எவ்வளவு வருகிறது என்று பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு மடியிலிருந்த பையைத் திறந்து, பாதி தைத்த தலையணை உறை ஒன்றையும் நூற்கண்டையும் எடுத்தார்.

"இதுக்கு ஓரம் தைக்கணும். நாளைக்குக் குடுக்கச் செல்லி ஈக்கி," என்றார், யாருக்கோ சொல்வது போல. "குலுக்காமப் போங்க, எனக்கு ஊசிக் கண்ணு தெரியாது."

சாந்தி பின்பக்கம் காட்டுகிற கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். நானும் வெளியிலிருந்து பார்த்தேன். ராத்தா எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. ஊசியைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்திருந்தார். முன்னால் சின்னதாக ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. ஸ்னோ பட்டனை அமத்திவிட்டாள். ஹேண்ட் பிரேக் இறங்கியது. கார் மூச்சு வாங்குவது போல ஒரு கணம் நின்று, பிறகு சில்லு சுற்றாமல், நடக்கிற வேகத்தில் மேலே நகரத் தொடங்கியது. நான் மழையில் பக்கத்திலேயே நடந்தேன். அந்தச் செங்குத்தான இடத்தைத் தாண்டி வளைவு திரும்பும்போது ராத்தா நூல் நுனியை நாக்கில் நனைத்து, ஒரு கண்ணை மூடி, ஊசிக்குள் விட்டு இழுத்து, மிச்சத்தைப் பல்லால் கடித்துத் துண்டாக்கினார்.